துரையின் நாற்காலிக்குக் கீழே

அந்த ஒப்பந்தத்தை எழுதியவன் நான்தான். ஏழு பக்கம், ஓரிடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் ஊர் பஞ்சாயத்து போர்டில் குமாஸ்தாவாக இருந்தேன். என் கையெழுத்தைத் தாலுகா ஆபீசில் யாரோ பாராட்டினார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் கால் தரையில் பாவாமல் நடந்தேன். இப்போது அந்தக் கையெழுத்தை நினைத்தாலே கூசுகிறது.

எங்கள் ஊர் மதுரையிலிருந்து பேரையூர் போகிற பாதையில் இருக்கிறது. பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. பஸ் என்ஜின் சூடேறிப் போனால் தண்ணீர் ஊற்ற நிறுத்துவார்களே, அந்த மாதிரி ஊர். கண்மாய் பாதையை ஒட்டியே கிடந்ததுதான் காரணம். கண்டக்டர் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு கரையேறுவார். பின்னாலேயே பிரயாணிகளும் ஏறுவார்கள். மேலே மருதமர நிழலும் முகத்தில் வந்து மோதும் ஈரக்காற்றும் கிடைத்துவிட்டால் எவனுக்குத் திரும்ப வண்டியில் ஏற மனசு வரும்? கண்டக்டர் தொண்டை வறளக் கத்தித்தான் அவர்களை இறக்குவார்.

பஸ் முதலாளி மதுரைக்காரர். ஒருநாள் தன் வண்டியிலேயே வந்தவர் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டார். மறுவாரம் எங்கள் போர்டு ஆபீசில் பிரசிடெண்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம என் வண்டி காலியா ஓடுது அண்ணே. உங்க கண்மாக்கரையும் சும்மா கெடக்கு. ரெண்டையும் சேத்து வச்சா ரெண்டு பேருக்கும் நெறையும்ல?" என்றார்.

பிரசிடெண்டு எனக்கு மாமா முறை. ஆபீசானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி, என்னை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு இந்த யோசனை வெல்லமாக இனித்தது. சர்க்கார் பாதி, தனி ஆள் பாதி, இருவரும் கூடி ஊருக்கு ஒரு நல்லது செய்வது என்று பட்டணத்துப் பக்கம் பேசிக்கொள்கிறார்கள் என்றார். தாலுகா ஆபீசுக்கு எழுதிப்போட்டு அனுமதியும் வாங்கினார். கரையையும் நீர்ப்பரப்பையும் போர்டு பத்து வருஷத்துக்கு விட்டுக்கொடுக்கும். முதலாளி அதில் பெஞ்சுகள் போட வேண்டும், பூச்செடிகள் வைக்க வேண்டும், இரண்டு படகுகள் விட வேண்டும், ஒரு சோடாக் கடை திறக்க வேண்டும். தண்ணீருக்குள் நீட்டி ஒரு பலகை மேடையும் கட்ட வேண்டும். உள்ளே வர டிக்கெட் உண்டு.

ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், இப்போது பழியை அடுத்தவர் தலையில் போட நான் வரவில்லை. என் அப்பா ஒருத்தர்தான் இரைப்புக்கு நடுவே, "ஆடு நனையுதேன்னு ஓநா அழுகுதாக்கும்" என்றார். அவர் எதற்குத்தான் அப்படிச் சொல்லவில்லை என்று விட்டுவிட்டோம்.

சிக்கல் மேடையில் வந்தது. தண்ணீருக்குள் தூண் நடுவதுதான் பெரிய வேலை என்றார் முதலாளி கூட்டி வந்த தச்சர். சொல்லிவிட்டுக் கண்மாயைப் பார்த்தார். கரையிலிருந்து முப்பது அடி உள்ளே இரண்டு கல்தூண்கள் நின்றுகொண்டிருந்தன.

"அந்தா ரெண்டு நிக்குதே, அது மேலயே போட்டுட்டா?"

அது எங்கள் மடை. அந்தத் தூண்களுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு குழி உண்டு. குழியை ஒரு கல் மூடியிருக்கும். அந்தக் கல்லை நெம்பி நகர்த்தினால் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து ஓடி, மறுபக்கம் வாய்க்காலில் பீறிட்டு வரும். கண்மாய்க்குக் கீழே இருக்கும் வயல் முழுவதும் அந்தக் கல்லை நம்பித்தான் இருந்தது. நிறைகண்மாயில் அதை நகர்த்த ஒருத்தன் இரண்டு ஆள் ஆழம் முங்க வேண்டும். அந்த வேலை தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்காரர்களுக்கு. ஊருக்குக் கிழக்கே, சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத கூலிச் சனங்களின் தெருவில் அந்த வீடு இருந்தது. என் காலத்து மடைக்காரனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. எங்கள் தெருவுக்குள் அவன் செருப்புப் போட்டு நடக்க முடியாது. நான் அவனை "ஏப்பா" என்பேன். அவன் என்னை "ஐயா" என்பான். அப்படித்தான் இருந்தோம்.

ஆனால் மடை திறக்கிற அன்று மட்டும் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்த ஊரிலும் இதை நான் பார்த்ததில்லை. முங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றின் மறுநுனியை மடைமுகத்து முதல் வயல்காரன் பிடிக்க வேண்டும். அவன் வயலுக்குத்தானே முதல் தண்ணீர் பாய்கிறது, அதற்காக. இரண்டு பேரும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்து, சேர்ந்து மூச்சை இழுப்பார்கள். அவன் முங்குவான். மேலே இருக்கிறவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இவனுக்கு முட்ட ஆரம்பித்த உடனே கயிற்றை இழுத்துவிட வேண்டும். கல் நகர்ந்ததோ இல்லையோ, அந்தப் பேச்சே கிடையாது.

"தண்ணிக்குள்ள ஒரு ஆச வரும் ஐயா. இன்னும் ஒரு நெம்பு, இன்னும் ஒரு நெம்புன்னு தோணும். செத்தவுக எல்லாம் அந்த ஆசையிலதான் செத்தாக. அதுனாலதான் எங்க மூச்ச நாங்க நம்புறதில்ல. ஒங்க மூச்சத்தான் நம்புறது" என்று அவன் ஒருதரம் எனக்குச் சொன்னான்.

முதல் வயல் எங்களுடையது. அப்பாவுக்கு இரைப்பு வந்தபிறகு நாலு வருஷமாக நான்தான் கயிறு பிடித்தேன். ஒவ்வொரு வருஷமும் அவன் பெண்சாதி கரையின் மறுசரிவில் தள்ளி நிற்பாள். முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டிருப்பாள். பயந்த சுபாவம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மடைத் தூணின் மேல் மேடை போடலாமா என்று கேட்டபோது, போர்டில் தடுத்துப் பேசியவன் நான்தான். அந்த மட்டில் யோக்கியன். ஆள் இறங்க வழி வேண்டுமே என்றேன். தச்சர் உடனே, மேடை நடுவில் ஒரு ஆள் இறங்குகிற அளவு சதுரமாக வெட்டி, அதற்கு ஒரு மூடி போட்டுத் தருகிறேன் என்றார். மூடியில் கயிறு வர ஒரு ஓட்டை. பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுவதால் காற்றுக்கும் குறைவில்லை. எல்லாருக்கும் திருப்தியாகிவிட்டது. "மடைத் தூண்களுக்குச் சேதமின்றியும், மடைப் பணிக்கு இடையூறின்றியும்" என்று அழகாக ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்தும் பார்த்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் கண்மாய் பெருகியது. பிறகு மழை விட்டுவிட்டது. நாற்று தண்ணீர் கேட்டது. நாங்கள் மடையைத் திறக்க நாள் பார்த்தபோது முதலாளி ஓடி வந்தார். பூங்காவைத் திறந்துவைக்க ஒரு வெள்ளைக்காரத் துரை சம்மதித்துவிட்டாராம். அன்றைக்கே அவர் கையால் மடையையும் திறந்தால் எம்புட்டு நன்றாக இருக்கும்! துரை ஒரு பட்டுக்கயிற்றை இழுப்பார், மணி அடிக்கும், மறுபக்கம் வாய்க்காலில் தண்ணீர் பொங்கும். மதுரையிலிருந்து மூன்று பஸ் ஜனம் வந்து பார்க்கும்.

துரை கொடுத்த தேதி ஒன்பது நாள் தள்ளி இருந்தது. நாற்றங்கால் மஞ்சள் பூத்தது. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதைதான். ஆனாலும் பொறுத்துக்கொண்டோம்.

விழாவுக்கு முதல் நாள் பிரசிடெண்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"மாப்ள, மேடையில தொரை இருப்பாரு, ஊர்ப் பெரியவுக இருப்பாக. அங்க அவன் ஈரக் கோமணத்தோட நிக்க வேணாம். முன்னாடியே எறங்கிப் பலகைக்குக் கீழ இருந்துக்கிறட்டும். மணி அடிச்ச ஒடனே நீ கயித்தச் சுண்டு. அவன் முங்கட்டும்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது, "சரி மாமா" என்பதுதான். போய் மடைக்காரனிடம் சொன்னேன்.

 "அப்ப ஒங்க கண்ணப் பாக்க முடியாதே ஐயா?" என்றான்.

"ரெண்டு சுண்டு சுண்டுறேன். அதுதான் கணக்கு. சேந்து மூச்ச இழுத்துக்கிருவோம்."

"சரிங்கய்யா. நீங்க இருக்கீகள்ல" என்றான்.

மறுநாள் கண்மாய்க்கரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மாவிலைத் தோரணம், காகிதப்பூ, பாண்டு வாத்தியம். மேடையைச் சுற்றித் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி பனமட்டைத் தட்டி கட்டி, அதன் மேல் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். படகில் வருகிறவர்களுக்கு அடிப்பக்கத்துப் பாசியும் சேறும் தெரியக்கூடாதாம். காலையிலேயே மடைக்காரன் மூடி வழியாகக் கீழே இறங்கி, கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மூடியைச் சாத்தினார்கள். ஓட்டை வழியாகக் கயிறு மேலே வந்தது. அதன் மேல் ஜமக்காளத்தை விரித்து, கயிறு ஓரமாக வெளியே வரும்படி விட்டார்கள். அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் வைத்து நான் நின்றேன்.

துரையின் நாற்காலியை மேடையின் நடுவில் வைத்தார்கள். நடு எங்கே இருக்கிறது? மூடியின் மேல்தான் இருக்கிறது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, எழுந்திரிக்கச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜனம் ஏற ஏற மேடை நடுவில் கொஞ்சம் தொய்ந்தது. அதையும் பார்த்தேன். அந்த ஒரு சாண் இடைவெளி என்ன ஆகும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. படித்தவன், ஏழு பக்கம் எழுதியவன், எனக்குத் தோன்றவில்லை!

துரை வந்தார். மாலை போட்டார்கள். உட்கார்ந்தபடியே பட்டுக்கயிற்றை இழுத்தார். மணி அடித்தது. நான் பின்கையால் இரண்டு சுண்டு சுண்டி, மூச்சை இழுத்துப் பிடித்தேன். கயிறு கையில் ஓடியது. அவன் முங்கிவிட்டான். பாண்டு முழங்கியது.

அப்போது துரை என் பக்கம் திரும்பினார். இந்த ஏரி எவ்வளவு பழையது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சிரித்து வைத்தேன். பிரசிடெண்டு கண்ணை உருட்டினார். "சொல்லு மாப்ள! ஒனக்குத்தான இங்கிலீசு தெரியும்!"

மூச்சை விட்டேன். பதில் சொன்னேன். "மிகப் பழையது, ஐயா" என்ற ஒரு வார்த்தை போதும். துரை தலையை ஆட்டிக் கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எந்த ராஜா காலத்தது என்று சொல்லப்படுகிறது, எத்தனை கிராமத்துக்குப் பாய்கிறது என்று நாலு வாக்கியம் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

சொல்லி முடித்த பிறகுதான் கையிலிருந்த கயிறு நினைவுக்கு வந்தது.  அவன் முங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று? எனக்குத் தெரியாது. எங்களுக்கு இருந்த கடிகாரம் ஒன்றே ஒன்று. அது என் நெஞ்சுக்குள் இருந்தது. அதை நான் நிறுத்திவிட்டேன்.

உடனே இழுத்திருக்க வேண்டும். ஒரு பச்சைப் பிள்ளைகூட இழுத்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? புதிதாக ஒரு மூச்சை இழுத்து, முதலிலிருந்து பிடிக்க ஆரம்பித்தேன். வழக்கம் அப்படித்தானே, மூச்சு முட்டினால்தானே இழுக்க வேண்டும்! புத்தி எங்கே போனதோ, உடம்பு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ வருஷமாக நான் விழுங்கி வைத்திருந்தது இதுதான். இரண்டே பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன்.

மறுபக்கம் வாய்க்காலில் தண்ணீர் பொங்கிற்று. பெண்கள் குலவை போட்டார்கள். மேடையில் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே என் உள்ளங்காலில் ஏதோ தட்டியது. தட், தட், தட். பாண்டுக்காரனின் மத்தளம் என்றுதான் நினைத்தேன். மத்தளம் நின்றும் அது நிற்கவில்லை.

எனக்கு மூச்சு முட்டிற்று. கயிற்றை இழுத்தேன். பாரமாக வந்து, ஒரு இடத்தில் டக்கென்று நின்றது. இன்னும் பலமாக இழுத்தேன். பலகைக்கு அடியில் மொத்தென்று ஒரு சத்தம். இழுக்க இழுக்க மொத்து மொத்தென்று கேட்டது. அவனை மூடியோடு சேர்த்து மோதிக்கொண்டிருந்தது நான்தான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. தூணோரம் மட்டும் இடைவெளி மிஞ்சி, நடுவில் பலகை தொய்ந்து தண்ணீரைத் தொட்டிருந்தது. அந்த நடுவில் மூச்சுவிட ஒரு விரல்கடை இடம்கூட இல்லை. கயிறு இல்லாதிருந்தால் அவன் தட்டிக்கு அடியில் புகுந்து வெளியே போயிருப்பான். அவனைக் காப்பாற்றுகிற கயிற்றால் அவனை அங்கே கட்டிப்போட்டிருந்தேன்.

"எந்திரிங்க! எந்திரிங்க!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். நாலு வாக்கியம் பேசியவனுக்கு அந்த ஒரு ஆங்கில வார்த்தை வரவில்லை. துரை என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

அப்போதுதான் அவன் பெண்சாதி வந்தாள். டிக்கெட் வாங்காதவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கம்பு வேலிக்கு வெளியே, சோடாக் கடைப் பக்கம் நின்றிருந்தாள். வேலியைத் தாண்டி, நடைபலகையில் ஓடி வந்தாள். அவள் காலடிக்குப் பலகை அதிர்ந்தது. யாரோ பிடிக்கப் போனார்கள், உதறிவிட்டாள். நேரே துரையின் நாற்காலிக்குப் பின்னால் போய், இரண்டு கையாலும் பிடித்து, ஆளோடு சேர்த்துச் சாய்த்தாள். துரை தடுமாறி எழுந்தார். நாற்காலி உருண்டது. ஜமக்காளத்தைச் சுருட்டி எறிந்தாள். மூடியைத் தூக்கினாள்.

அவன் தலை வந்தது. நெற்றி பிளந்திருந்தது. உதடு நாவப்பழ நிறத்தில் இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் இருந்த இடத்தில் மரமாக நின்றார்கள். அவளும் நானும் அந்தத் துரையும்தான் அவனை மேலே இழுத்துப் போட்டோம். துரைதான் குப்புறத் திருப்பி முதுகை அமுக்கினார். தண்ணீராகக் கக்கினான். கொஞ்ச நேரம் கழித்து இருமினான். அந்த இருமலைப்போல ஒரு சத்தத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. நான் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிழைத்தான். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் போர்டு கூடியது. பூங்காவில் டிக்கெட் இல்லாமல் நுழைந்து, விருந்தாளியை நாற்காலியோடு தள்ளி அவமதித்த பெண் இனிக் கண்மாய்க்கரையில் கால் வைக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

"மாமா, அவதான காப்பாத்துனா?" என்றேன்.

"காப்பாத்துனா சரி மாப்ள. அதுக்காக நாற்காலியத் தள்ளலாமா? நாளைக்கு எவன் நம்ம ஊருக்கு வருவான்? எழுது."

எழுதினேன். அதைவிட எனக்குப் பெரிய அதிர்ச்சி வேறொன்றும் இல்லை. என் கை நடுங்காமல், முத்து முத்தாக, அதை எழுதியது.

அந்தத் தாளை நானே கொண்டுபோய் அவர்களுக்கு வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தெருவுக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல் தடவை. மடைக்காரன் தலையில் துணிக்கட்டோடு, வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திரிக்கப் பார்த்தான். வேண்டாம் என்று கையமர்த்தினேன். தாளை வாசித்தேன். அவன் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அத விடுங்கய்யா. நீங்க மட்டும் அன்னைக்கு அம்புட்டு இழுப்பு இழுக்கலேன்னா நான் அடியிலயே கெடந்துருப்பேன். ஊரு பூரா சொல்லிக்கிட்டு இருக்கேன், ஐயா மூச்சுதான் என்னயத் தூக்குச்சுன்னு" என்றான்.

அவள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "ஒவ்வொரு வருசமும் நானும் ஒங்க கூடத்தான் மூச்சப் பிடிப்பேன். இம்புட்டு வருசத்துல ஒங்களுக்கு முட்டுறதும் எனக்கு முட்டுறதும் ஒண்ணாத்தான் இருக்கும். நான் வாயத் தொறக்கவும் நீங்க கயித்த இழுக்கவும் சரியா இருக்கும். அன்னைக்கு எனக்கு முடிஞ்சு போச்சு. ஒங்களுக்கு முடியலையா?"

 பயத்தில் வாயைப் பொத்துகிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே! பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவன்தான் ஊரெல்லாம் என் மூச்சின் பெருமையைப் பாடிக்கொண்டிருக்கிறானே. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"நடுவுல விட்டுட்டேன்" என்றேன். "தொரை ஏதோ கேட்டாரு. பதில் சொன்னேன். சொல்லிட்டு, திரும்ப மொதல்ல இருந்து பிடிச்சேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. தலைக்கட்டை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.  ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் உள்ளே போனாள். கூரையில் தொங்கிய மடைக்கயிற்றை எடுத்துச் சுருட்டி, அடுக்குப்பானைக்குப் பின்னால் வைத்தாள்.

"இனிமே இத நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள்.

மறுவருஷம் கண்மாய் நிறைந்ததும் மடைக்காரன் போர்டு ஆபீசுக்கு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னான். மேடைக்கு அடியில் அவன் இறங்க மாட்டான். கயிற்றை அவன் பெண்சாதிதான் பிடிப்பாள். இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். வேறு ஆள் ஏது? பிரசிடெண்டு குதித்தார். பஸ் முதலாளிதான், "ஆளக் கொன்னு எனக்கு ஒரு பூங்கா வேணாம் அண்ணே" என்று சொல்லி, மடைத் தூணைச் சுற்றி இருந்த பலகையை எல்லாம் தன் செலவில் பெயர்த்து எடுத்தார். மனுஷர் அந்த மட்டில் நல்லவர். அவளைத் தடுத்த தீர்மானத்தையும் ரத்துச் செய்தார்கள். அதையும் நான்தான் எழுதினேன்.

வயல்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். "ஒரு சென்ட் வயக்காடு இல்லாதவ கயிறு பிடிக்கிறதா? இது எந்த ஊரு வழக்கம்?"

அப்பா இரைத்துக்கொண்டே சொன்னார்: "வயலு இல்லாட்டி என்னடா, மூச்சு இருக்குல்ல?"

மடை திறக்கிற அன்று துரையும் இல்லை, பாண்டும் இல்லை. மதுரையிலிருந்து வந்த பஸ் ஜனம் பெஞ்சுகளில் சோடா குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அவள் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கயிற்றைப் பிடித்து நின்றாள். அவன் மடைத் தூணுக்கு நீந்திப்போய் அவள் பக்கம் திரும்பினான். ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்தார்கள். சேர்ந்து மூச்சை இழுத்தார்கள். அவன் முங்கினான். நான் கூட்டத்துக்குப் பின்னால் மருதமரத்தடியில் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நானும் மூச்சைப் பிடித்தேன்.

எனக்குப் பாதிகூட முட்டவில்லை; அவள் இழுத்துவிட்டாள். அவன் மேலே வந்து முகத்தை வழித்தான்.

"ஏ, இன்னும் கல்லையே தொடல!"

"போன வரைக்கும் போதும்" என்றாள்.

இரண்டாம் தடவை முங்கினான். அதைவிடச் சீக்கிரம் இழுத்தாள். மூன்றாம் தடவையும் அப்படியே. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வயல்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவளை அவசரப்படுத்த ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி அடுத்த மூச்சை இழுத்தாள்.

நான் அத்தனை தடவையும் அவள்கூடவே மூச்சைப் பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பாதி மூச்சு மீதம் இருந்தது. அந்த மீதியைத்தான் போன வருஷம் நான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எட்டாவது தடவை கல் நகர்ந்தது.